பம்ப் மாற்றியதும் பழைய பராமரிப்பு வரலாறு மறைவது

கட்டடத்தின் பராமரிப்பு மென்பொருளில் பம்ப் மாற்றியதும் பழைய வரலாறு மறைகிறதென்றால், கருவியின் தொடர் எண்ணை (தயாரிப்பாளர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். பம்ப் நிற்கும் இடத்துக்கு ஒரு குறியீடு, இப்போது அங்கே பொருத்தியிருக்கும் கருவிக்கு வேறொரு எண். அப்படிப் பிரித்தால், புது பம்ப் வந்தாலும் அந்த இடத்தின் வரலாறு தொடரும்.

கட்டடத்தை ஒப்படைத்தபோது, வாங்கிய பொருட்களின் பட்டியலையே சொத்துப் பட்டியலாக ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கட்டடம் நிற்கிற காலத்துக்குள் பம்ப் பலமுறை மாறும். அந்தப் பட்டியலோ முதல் பம்போடு முடிந்துவிடும். கோபி (COBie, கட்டடத் தகவலை ஒப்படைப்பதற்கான தரவு வடிவம்) விரிதாளில் டேக் எண்ணுக்கும் (இடத்தின் குறியீட்டை இதில் வைக்கலாம்) தொடர் எண்ணுக்கும் தனித்தனி நெடுவரிசைகள் இருப்பதைப் பாருங்கள்.

சரி, சோதிக்க: ஏற்கனவே மாற்றிய ஒரு பம்பின் இடத்துக்குக் கட்டட வரைபடத்தில் உள்ள குறியீட்டைப் பராமரிப்பு மென்பொருளில் தேடுங்கள். வரவில்லையென்றால் இடத்துக்கும் கருவிக்குமான இணைப்பு அங்கேதான் அறுந்திருக்கிறது.

ஒன்று கவனம்: உத்தரவாதம் இடத்தோடு அல்ல, கருவியோடு போகும். அதைத் தொடர் எண்ணிலேயே விடுங்கள்.