வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு போன் உதவுமா?

கற்றல் இடர்பாடு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு விசேட கல்வி ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: மகன் தரம் 4. சுற்றாடல் பாடத்தை நான் வாசித்துக் காட்டினால் எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொல்கிறான். தானே வாசித்தால் ‘கொடி’யை ‘கெடி’ என்கிறான். சோம்பல் என்கிறார் ஆசிரியை. போனில் ஏதாவது செய்யலாமா?
– தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சோம்பல் இல்லை. காதால் கேட்டால் விளங்குகிறது, கண்ணால் பார்த்தால் திணறுகிறான் என்றால், எழுத்தை ஒலியாக்கும் இடத்தில்தான் சிக்கல். எதற்கும் பார்வையையும் கேட்டலையும் முதலில் சோதித்துவிடுங்கள். ‘கொ’வில் கொம்பு (ெ) முன்னால் நிற்கிறது, அரவு (ா) பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்துதான் ‘ஒ’ ஒலி. இடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கிற பிள்ளை கொம்பைக் கண்டதுமே ‘கெ’ என்று முடித்துவிடுகிறது.

பாடம் படிப்பதையும் வாசிக்கப் பழகுவதையும் தனித்தனியாக்குங்கள். பாடத்துக்குத்தான் போன். புதிய செயலி எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். அன்ட்ரொய்ட் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குப் போய், திரையில் தெரிவு செய்யும் எழுத்தை வாசித்துக் காட்டும் ‘செலக்ட் டு ஸ்பீக்’கை இயக்குங்கள். ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ பகுதியில் தமிழ்க் குரலைத் தரவிறக்கி, வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். போன் வாசிக்கும்போது பிள்ளையின் விரல் புத்தகத்தில் அதே வரியில் போக வேண்டும்.

பலர் இடறுவது அடுத்த படியில். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. ஆனால் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், போனுக்கு அது தமிழே இல்லை, தமிழ் வடிவில் தெரியும் ஆங்கில எழுத்துகள்தான். ‘அம்மா’ என்ற சொல்லை எம், கே, கே, எச் என்று வாசிக்கும். அப்படியானால் பக்கத்தைப் படமெடுத்து, கூகுள் லென்ஸில் எழுத்தைத் தெரிவு செய்து, குறிப்புச் செயலியில் ஒட்டி வாசிக்க விடுங்கள். புத்தகத்தைத் தட்டையாக வைத்து, நிழல் விழாமல் எடுங்கள். பக்கம் வளைந்தால் ஓரத்துச் சொற்கள் பிழையாகும், புள்ளிகள் விடுபடும். நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்திய பிறகே பிள்ளைக்குக் கொடுங்கள்.

விடை எழுத, கூகுளின் விசைப்பலகையான ஜீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கில் பேசச் சொல்லலாம். காலி வீதிப் பக்கத்து வீடென்றால் ஜன்னலை மூடுங்கள், வாகன இரைச்சலில் பாதிச் சொல் மாறிவிடும். பேச்சுத் தமிழில் சொன்னால் பேச்சுத் தமிழிலேயே பதியும். ஆகவே ஒவ்வொரு வசனத்தையும் முதலில் எழுத்துத் தமிழில் வாய்க்குள் சொல்லிப் பார்க்கட்டும்.

வாசிப்புப் பழக்கத்துக்கு பிரிஸ்டல் போர்ட் அட்டை போதும். ‘க’ போன்ற எழுத்தைக் கறுப்பிலும், கொம்பு, அரவு போன்றவற்றைச் சிவப்பிலும் எழுதுங்கள். சிவப்புத் துண்டுகளைக் ‘க’வின் இரு பக்கமும் வைத்து, “முழுக்கப் பார், பிறகு சொல்” என்று பழக்குங்கள். அதே எழுத்தை மணல் தட்டில் விரலால், ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். தினம் 15 நிமிடம். ‘கொ’ உறுதியாகும்வரை ‘கோ’வைத் தொடவே வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் கொடுத்தால் இரண்டும் குழம்பும்.

மதிப்பீட்டுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் விசாரியுங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகையை அதிபர் ஊடாகக் கோரலாம். அதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும், எடுக்க நாளாகும். புலமைப்பரிசில் வருடம் வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: வகுப்பில் 40 பிள்ளைகள். மூன்று பேர் இப்படித் திணறுகிறார்கள். கருவி ஒன்றும் இல்லை.
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பாரம். அண்ணாந்து பார்த்துக் குனிவதற்குள் இடம் தவறிவிடும். குறிப்பை 14 புள்ளி எழுத்தளவில், வரிகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டு அச்சிட்டுக் கொடுங்கள். எல்லார் முன்னாலும் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். பந்தியை முதல் நாளே கொடுத்தனுப்புங்கள். விஞ்ஞான விடையில் ண, ன பிழைக்குப் புள்ளி குறைக்காதீர்கள். தெரிந்த விடயத்துக்குப் புள்ளி கிடைக்கட்டும். பிழைவிட்ட சொல்லை 50 தரம் எழுதச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூன்றாவது வரியில் பிழை புகுந்தால் மிச்சம் முழுக்கப் பிழையையே கை பழகும்.

கேள்வி: நிறக் கண்ணாடி போட்டால் டிஸ்லெக்ஸியா (வாசிப்பு இடர்பாடு) மாறும் என்று ஒரு விளம்பரம். வாங்கலாமா?
– தந்தை, தெஹிவளை

பதில்: வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இதற்கு ஆதாரமில்லை என்றே சொல்கிறது. பார்வைக் குறை இருந்தால் வழமையான கண்ணாடி போடுங்கள். அது வாசிப்பு இடர்பாட்டை மாற்றாது. எழுத்தோடு ஒலியைச் சேர்க்கும் பயிற்சி அப்போதும் வேண்டும்.