சமரசத்தில் கையெழுத்திட்ட பின் வரும் மருத்துவமனைச் செலவு

கேள்வி: 2022-இல் லாரி மோதியதில் தண்டுவடம் அடிபட்டு என் கணவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியே இல்லை. இழப்பீட்டு வழக்கு தீர்ப்பாயத்தில் நடக்கிறது. படுக்கைப்புண்ணுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இந்த ஆண்டு இருமுறை மருத்துவமனையில் சேர்த்தோம். லாரி உரிமையாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனமோ புண்ணுக்கும் தொற்றுக்கும் எங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்கிறது. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக 18 லட்சம் தருகிறார்களாம். அதை வாங்கிக்கொண்டு, இனி வரும் செலவைப் பிறகு கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. உரிமையாளர் வந்து பார்க்காதது வருத்தம்தான், ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் அதற்கு இடமில்லை. இறுதித் தீர்ப்புக்குப் பின் கூடுதல் தொகை வழங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை என்பதால், எதிர்கால மருத்துவச் செலவைத் தீர்ப்பிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று நாகப்பா எதிர் குருதயாள் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே கூறிவிட்டது. லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது.

என்னிடம் வருவோரில் பலர் பழைய பில்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். இனி ஆகப்போகும் செலவுக்கு ஒரு தாள்கூட இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "இடுப்பில் புண், காய்ச்சல்" என்று மட்டும் இருந்தால், "இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் புண் வந்திருக்காதே?" என்ற ஒரே கேள்வியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை உடைத்துவிடுவார். உணர்ச்சியற்ற உடலில் அழுத்தம் தெரியாது, சிறுநீர் வெளியேறச் செருகும் கதீட்டர் குழாய் இருக்கும்வரை தொற்று திரும்பத் திரும்ப வரலாம், இரண்டுக்கும் மூலம் விபத்துக் காயமே என்று சிகிச்சை அளித்த மருத்துவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். கதீட்டர், காற்றுப் படுக்கை, புண்ணுக்கான அறுவை சிகிச்சை, சிறுநீரகப் பரிசோதனை ஆகியவற்றின் செலவு மதிப்பீட்டையும் அவரே எழுதித் தர வேண்டும். உடனிருந்து பார்ப்பவருக்கான செலவை மல்டிப்ளையர் முறையில், அதாவது ஆண்டுச் செலவை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கி, கணக்கிட்ட உச்ச நீதிமன்றத்தின் காஜல் வழக்குத் தீர்ப்பை (2020) உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கழிந்த தொகையைக் கைச்செலவாகக் காட்டிவிடாதீர்கள். அந்த ஒரு பில் மற்ற எல்லாவற்றின்மீதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

இத்தனைக்கும் பிறகு சமரசமே நல்லது என்பேன். எதிர்காலச் செலவுக்குப் பொதுவாக வட்டி கிடைப்பதில்லை என்பதால், வழக்கை இழுப்பதில் அந்தத் தலைப்பில் உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. ஆனால் மருத்துவரின் மதிப்பீட்டை மேசையில் வைத்துப் பேசி, எதிர்கால மருத்துவம், உதவியாளர் என்ற தலைப்புகளில் தொகை ஏறிய பிறகே கையெழுத்து. மனுதாரர் உங்கள் கணவர் என்பதால், அந்தக் கையெழுத்தும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.