முட்டைக்கோஸ் மதியத்தில் வாடுவது ஏன்? – கடிதமும் பதிலும்

வணக்கம். கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி போட்டுக் காய்கறி வைத்திருக்கிறோம். முட்டைக்கோஸ் நட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. காலையில் நன்றாக இருக்கிறது, வெயில் ஏறியதும் இலை தொங்கிவிடுகிறது, சாயங்காலம் நிமிர்ந்துகொள்கிறது. தண்ணீர் குறைவில்லை. யூரியா போட்டேன், பூஞ்சைக்கொல்லி ஊற்றினேன், பயனில்லை. ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் இஞ்சி மாதிரி வீங்கிக் கிடக்கிறது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். எவ்வளவு, எப்போது போடுவது? அடுத்த பாத்தியில் உருளைக்கிழங்கும் வேலியோரம் நீல ஹைட்ராஞ்சியாவும் இருக்கின்றன.

– ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரி,

இது வேர் வீக்க நோய். தோட்டக்காரர்கள் கிளப் ரூட் என்பார்கள். வீங்கிய வேரைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். முற்றியது என்றால் பழுப்பாகிக் கெட்ட வாடை அடிக்கும். மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுக்களின் தாக்குதல் இப்படி இருக்காது, சல்லி வேரில் சிறு மணிகளாக முடிச்சு விழும். வீங்கிய வேரால் வெயில் நேரத்துக்கு வேண்டிய தண்ணீரை ஏற்ற முடிவதில்லை. மதிய வாட்டம் அதனால்தான். இதை உண்டாக்கும் கிருமி உண்மையான பூஞ்சை அல்ல. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரணப் பூஞ்சைக்கொல்லி எதுவும் கேட்காது. இந்தச் செடிகளைக் காப்பாற்ற வழியில்லை, யூரியாவை வீணாக்க வேண்டாம்.

நம் மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு (7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 5-ஐ ஒட்டியே நிற்கும். புளிப்பும் ஈரமும் சேர்ந்தால் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். மண்ணில் அதன் வித்துகள் பத்து வருடம்கூடக் கிடக்கும். பிஹெச் 7-ஐத் தாண்டினால் வித்துகள் சாவதில்லை, ஆனால் வேரில் தொற்றுவது வெகுவாகக் குறையும். சுண்ணாம்பின் வேலை அவ்வளவுதான், மருந்தென்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். பாத்தியில் ஐந்து இடத்தில் அரையடி ஆழத்து மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ ஊட்டி மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். பிஹெச் 5 என்று வந்தால், 10 அடி நீளம் 4 அடி அகலப் பாத்திக்கு ஒன்றேகால் கிலோ டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்) அல்லது சுண்ணாம்புக் கல் தூள் போடலாம். நீர்த்த சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுப் பொடியாக்கியது) என்றால் முக்கால் பங்கு போதும். அது கையையும் கண்ணையும் அரிக்கும், காற்றடிக்கும் நேரத்தில் தூவக் கூடாது. மேலே தூவிவிட்டு நிறுத்தாமல், கொத்தி அரையடி ஆழம் வரை கலக்க வேண்டும். இந்த அளவில் ஒரே தடவையில் 7-க்கு ஏறாது, இலைமக்கு நிறைந்த கறுப்பு மண் என்றால் இன்னும் மெதுவாகத்தான் ஏறும். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்து மீதியைப் போடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் போடுவது நல்லது. கல் தூள் கரைந்து வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கோடை மழை அதை உள்ளே இறக்கிவிடும். சாணமும் நீர்த்த சுண்ணாம்பும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். தொழு உரத்துக்கு ஒரு மாத இடைவெளி விடுங்கள்.

அளவு மீறினாலும் கேடு. போரான் சத்து செடிக்குக் கிடைக்காமல் போய், காலிஃபிளவர் பூ பழுப்பாகும், பீட்ரூட் உள்ளே கறுக்கும். மேலே சொன்ன பாத்திக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன் போராக்ஸை (வெண்காரம்) பூவாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும், அதற்கு மேல் போனால் அதுவே விஷம்.

உருளைக்கிழங்குப் பாத்தியில் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கிழங்கின் தோலில் சொறி விழும். ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூப்பதே புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியத்தால். சுண்ணாம்பு நீர் அந்தப் பக்கம் இறங்கினால் பூ இளஞ்சிவப்பாக மாறும். அசேலியா, கமேலியா இருந்தால் இலை மஞ்சளாகிவிடும். நடுவில் ஓர் அடி வாய்க்கால் விடுங்கள்.

சுண்ணாம்பைவிட முக்கியமானது, நோய் வந்த பாத்தியில் முட்டைக்கோஸ் குடும்பமே வராமல் பார்த்துக்கொள்வது. காலிஃபிளவர், நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். பசுந்தாள் உரமாகக் கடுகு விதைப்பவர்கள் நோயைத்தான் வளர்க்கிறார்கள். ஏழு வருடம் விட்டால் நல்லது. அதுவரை கேரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, பூண்டு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கோஸ் இல்லாமல் முடியாது என்றால், நோயில்லாத மண்ணும் மக்கும் கலந்து நான்கு அங்குலத் தொட்டியில் நாற்றை வளர்த்து, வேர் நிறைந்த பிறகு மண் உதிராமல் வேறொரு பாத்தியில் நடுங்கள். இளம் வேர் தப்பித்துவிட்டால் பின்னால் தொற்றினாலும் ஓரளவு கோஸ் கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மண் குளிர்ந்திருக்கும்போது நடுவது மழைக்காலத்தில் நடுவதைவிடப் பாதுகாப்பு.

பிடுங்கிய வேரை மக்குக் குழியில் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். வித்துகள் சாணத்தில் உயிரோடு திரும்பி வரும். காயவைத்து எரித்துவிடுங்கள். மலைச்சரிவில் மேல் பாத்தித் தண்ணீர் கீழ்ப் பாத்திக்கு நோயை இறக்கும், வடிகாலைத் திருப்பிவிடுங்கள். நோய்ப் பாத்தியில் கடைசியாக வேலை செய்து, மண்வெட்டி, களைக்கொத்து, செருப்பில் ஒட்டிய மண்ணை அங்கேயே சுரண்டிக் கழுவிவிட்டு வாருங்கள்.