வளைத்துப் பார்த்துக் கட்டுங்கள்: தூண்டில் கம்பு கேள்வி பதில்

வீட்டிலேயே தூண்டில் கம்பு கட்டுகிறவர்களும் ஒடிந்ததைப் பழுது பார்க்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். தாமிரபரணியில் கெண்டைக்குப் போகிறவர்கள், குளத்தில் விராலுக்குப் போகிறவர்கள், உவரி, கூத்தங்குழி கரையில் நின்று பாறை மீனுக்கு வீசுகிறவர்கள் எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். நம் குளக்கரைகளில் மின்கம்பி தாழத் தொங்குகிற இடங்கள் நிறைய. வீசும் முன் தலைக்கு மேலே பாருங்கள். இடி இடித்தால் கம்பைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, ஏழடி கார்பன் கம்பு, இரண்டு துண்டு. நுனியில் நாலு விரல் அளவு ஒடிந்துவிட்டது. ஒட்டலாமா?

ஒட்ட வேண்டாம் தம்பி. நாலு விரல்தானே, ஒடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தில் புது நுனிக் கைடு போடுங்கள். கைடு என்பது நரம்பு, அதாவது தூண்டில் இழை, ஓடுகிற வளையம். கம்பு முன்பைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதற்கு மேல் குறை தெரியாது.

முதலில் ஒடிந்த முனையைச் சுத்தமாக்குங்கள். மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, டேப்பின் மேலேயே அறுங்கள். மெல்லிய அரமோ சிறிய கட்டிங் வீலோ போதும். கத்தியும் வெட்டுக்குறடும் வேண்டாம், குழாய் நசுங்கி நீளவாக்கில் கீறும். அறுத்த பிறகு முனையை நகத்தால் அழுத்திக்கொண்டே வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை அளவு கீறல் தெரிந்தாலும் அது முடிகிற இடம் வரைக்கும் அறுத்துத் தள்ளுங்கள். கீறலை வைத்துக்கொண்டு கைடு போட்டால் அடுத்த மீனிலேயே போய்விடும். கார்பன் தூள் மூக்கில் ஏறக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

நுனிக் கைடுக் குழாயின் அளவை ஒரு அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். 5-ம் நம்பர் என்றால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். ஒட்டுவதற்கு ஹாட் மெல்ட் பசைக்குச்சி போதும். சூடு காட்டினால் மறுபடி கழன்று வரும், நமக்கு வேண்டியதும் அதுதான். சூட்டை உலோகக் குழாயில் மட்டும் காட்டுங்கள். கார்பனில் தீ பட்டால் உள்ளே இருக்கிற ரெசின் பசை கெட்டுவிடும். பசை இறுகும் முன் கம்பின் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, மற்ற வளையங்களோடு நேராக இருக்கிறதா என்று சரி பாருங்கள்.

தென்காசி: அதே மாதிரி நுனி ஒடிந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டால் நிற்காதா?

நிற்காது. இறுகிய பிறகு அது வளையாது, கம்பின் வேலையே வளைவதுதான்.

மேலப்பாளையம்: மேல்துண்டு நட்டநடுவில் ஒடிந்தது. தூக்கிப் போட மனசில்லை.

போடாதீர்கள், காப்பாற்றலாம். ஒடிந்த இடம் சிம்பு சிம்பாகப் பிய்ந்திருந்தால் பிய்ந்த பகுதி முழுவதையும் அறுத்து எடுங்கள். கம்பு கொஞ்சம் குட்டையாகும், பரவாயில்லை. பழைய கம்பு ஏதாவது வைத்திருப்பீர்கள், அதிலிருந்து உள்ளே நுழைகிற கனத்தில் ஒரு துண்டு எடுங்கள். ஒடிவின் இரு பக்கமும் கம்பின் கனத்தைப் போல் ஆறு மடங்காவது நுழைய வேண்டும். கனம் 8 மில்லி என்றால் பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர்.

மேல்துண்டின் அடிவாய் திறந்துதான் இருக்கும். அந்த வழியாக உள்துண்டை, மெலிந்த முனை முன்னால் போகும்படி தள்ளுங்கள். குழாய் மேலே போகப் போகக் குறுகுவதால் அது ஓரிடத்தில் தானாக இறுகும். இறுகும்போது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பசை போடாமலே செய்து பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சரிக்கட்டுங்கள். ஆடவும் கூடாது, குழாயைப் பிளக்கும் அளவுக்கு இறுகவும் கூடாது. பிறகு இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டில் துடைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட் போட்டுச் சேருங்கள். ஐந்து நிமிஷப் பசை இங்கே உதவாது. ஒருநாள் விட்டு, சேர்ந்த இடத்தின் மேலே நூல் சுற்றி எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து இறுகுகிற பூச்சு) பூசுங்கள்.

காய்ந்ததும் ஆற்றுக்கு ஓடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி, கம்பைச் சாய்வாகப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் முழங்கை மாதிரி மடிந்தால் உள்துண்டு அதிக விறைப்பு. அது தெரிய வேண்டிய இடம் வீட்டு மாடி, ஆற்றங்கரை இல்லை.

வள்ளியூர்: எபாக்ஸி பூசினால் அங்கங்கே அம்மைத்தழும்பு மாதிரிக் குழி விழுகிறது. ஒருமுறை இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை.

குழிக்குக் காரணம் எண்ணெய். தலையில் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு நூலைத் தொட்டிருப்பீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் எபாக்ஸி ஒட்டாமல் விலகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கம்பை ஸ்பிரிட்டில் துடைத்து, அதற்குப் பிறகு அதைத் தொடாமல் இருங்கள். பிசுபிசுப்பு அளவுக் கோளாறு. இரண்டு திரவமும் சரிபாதி என்று போட்டிருந்தால் கண்மதிப்பில் ஊற்றக் கூடாது. இரண்டு தனித்தனி சிரிஞ்சில் அளந்து, மூன்று நாலு நிமிஷம் நிதானமாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் குமிழி ஏறும். நம்மூர் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடும். கத்திரியில் விடிகாலையில் பூசுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பிசுபிசுத்த பூச்சின் மேலே சரியான அளவில் கலந்த ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இறுகிவிடும்.

கல்லிடைக்குறிச்சி: பன்னிரண்டு வயது மகனோடு சேர்ந்து ஒரு கம்பு கட்ட ஆசை. கடையில் விற்கிற கட்டும் மெஷின் விலை அதிகமாக இருக்கிறது. அது இல்லாமல் முடியாதா?

தாராளமாக முடியும் அக்கா. ஒரு அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்திலும் வி வடிவில் வெட்டிக் கம்பைக் கிடத்துங்கள். நூல்கண்டை ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்து, நூலைப் பக்கங்களுக்கு நடுவே இழுத்து வாருங்கள். புத்தகத்தின் கனம்தான் இறுக்கம். கம்பைக் கையால் உருட்ட உருட்ட நூல் ஏறும். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பொருத்தமான வேலை, பெரியவர்கள் விரலைவிட அந்த விரல் நன்றாக உருட்டும்.

கைடின் கால் நுனியை முதலில் அரத்தால் கத்தி முனை போல் சரிவாக்குங்கள். அப்போதுதான் நூல் கம்பிலிருந்து காலின் மேலே படியில்லாமல் ஏறும். பிசிறு இருந்தால் கம்பையே கீறும், அதையும் தேய்த்துவிடுங்கள். நூலின் தொடக்க முனையைச் சுற்றுக்கு அடியில் கொடுத்து அதன் மேலேயே சுற்றி வாருங்கள். முடிய ஐந்தாறு சுற்று இருக்கும்போது, மெல்லிய நரம்பை மடித்து ஒரு காதுபோல் வைத்து அதன் மேல் சுற்றுங்கள். கடைசியில் நூலை வெட்டி, முனையை அந்தக் காதுக்குள் விட்டு நரம்பை இழுத்தால் முனை சுற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சே கிடையாது. பையன் இதை ஒருதரம் பார்த்தால் விடமாட்டான்.

தையல் நூல் வேண்டாம், பிசிறடிக்கும். நைலான் கட்டுநூல் நல்லது. மஞ்சள், வெள்ளை நூலில் நேரடியாக எபாக்ஸி பட்டால் நிறம் மங்கிக் கண்ணாடி போலாகும், அதனால் அடர்ந்த நிறமாக எடுங்கள். பூசிய பிறகு வழியாமல் இருக்கக் கம்பு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுகிற மோட்டார் அதற்குப் போதும். சில மோட்டார் 21 வோல்ட், சில 230. பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்க்காமல் செருகாதீர்கள், அந்த வேலையைப் பையனிடம் விடாதீர்கள். பிடிக்குக் கார்க் தேட வேண்டாம். கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் கிரிப் ஏற்றிவிடுங்கள்.

தூத்துக்குடி: நானும் கம்பு கட்டுகிறவன்தான். பிளாங்கின் முதுகைக் கண்டுபிடித்து அதன்படி கைடு கட்டாவிட்டால் மீன் இழுக்கும்போது கம்பு முறுக்கிக்கொள்ளும். நீங்கள் முதுகைப் பற்றிப் பேசுவதே இல்லையே?

பேசுவோம். தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாங்க் என்பது கைடும் பிடியும் இல்லாத வெறுங்குழாய். கார்பன் துணியை உருளையில் சுற்றிச் செய்வதால் துணி ஒன்றன்மேல் ஒன்று படிகிற பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதைத்தான் முதுகு என்கிறார்கள். முதுகு இருப்பது உண்மை. முறுக்குக்குக் காரணம் அதுதான் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கைடு கம்பின் மேலே இருந்தால் நரம்பும் மேலே ஓடுகிறது. மீன் இழுக்கும்போது நரம்பு வளைவின் உள்பக்கம் போகத்தான் பார்க்கும். வளையம் எவ்வளவு உயரமோ அந்த அளவு நெம்புகோல் அதற்குக் கிடைக்கிறது. அதனால் கம்பு உருளப் பார்க்கும், முதுகு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. நரம்பு சுற்றும் ரீல் கம்பின் அடியில் தொங்குகிற ஸ்பின்னிங் கம்பில் கைடும் அடியில் தொங்குவதால் இந்தத் தொல்லை இல்லை.

மறுபடி தூத்துக்குடி: மேஜையில் நுனியை ஊன்றி, நடுவில் அழுத்தி உருட்டினால் ஓரிடத்தில் துள்ளி நிற்கிறதே. அந்த விசை மீனோடு சண்டை போடும்போது மட்டும் எங்கே போகும்?

துள்ளுவது முதுகால் மட்டும் இல்லை. பிளாங்க் எதுவும் கோடு போட்டது போல் நேராக இருக்காது. லேசான கோணலும் அதே துள்ளலைக் கொடுக்கும். மேஜைச் சோதனையில் நீங்கள் கண்டுபிடிப்பது முதுகா கோணலா என்று பிரிக்க முடியாது.

வாதம் எதற்கு, சோதித்துப் பார்க்கலாம். சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டினால் ரப்பர் வளையம் கிடைக்கும். அதைப் போட்டுக் கைடுகளைத் தற்காலிகமாக மாட்டுங்கள். முதுகு மேலே, முதுகு கீழே, முதுகு பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி, கைடு மட்டும் எப்போதும் மேலே இருக்கும்படி வைத்துப் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். பிடியைத் தளர்த்தினால் ஒவ்வொரு முறையும் உருளும். பிறகு கைடுகளைக் கீழே திருப்புங்கள், அசையாமல் நிற்கும்.

ஏரல்: அப்படியானால் கம்பின் மேலே உட்காரும் பெயிட்காஸ்டிங் ரீலுக்குக் கம்பு கட்டுகிறவன் என்ன செய்வது?

நல்ல கேள்வி, இந்தச் சண்டையில் உருப்படியான கேள்வி. முதல் கைடு மேலே, அடுத்த இரண்டு மூன்றும் பக்கவாட்டில் படிப்படியாக இறங்கி, மிச்சம் எல்லாம் அடியில் வரும்படி சுழற்றிக் கட்டலாம். பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் உருளாது. மேலேயே கட்டினாலும் குற்றமில்லை, பிடி சரியாக இருந்தால் கை தாங்கிக்கொள்ளும்.

மறுபடியும் தூத்துக்குடி: சோதித்தேன். முதுகு ஒரு பக்கம் இருந்தபோது உருளல் குறைவாகத்தான் இருந்தது.

குறைந்தது, நிற்கவில்லை. நான் சொன்னதும் அதுதான். நீங்கள் சோதித்துவிட்டு வந்து பேசுகிறீர்கள், அதற்கு மரியாதை. நான் கட்டும்போது எந்தப் பக்கம் பார்வைக்கு நேராக இருக்கிறதோ அந்தக் கோட்டில் கட்டுகிறேன், வீசும்போது குறி தவறாது. ஏழடிக்கு ஏழு கைடும் நுனியும் என்று தொடங்கி, பாட்டிலைத் தொங்கவிட்டு, நரம்பு கம்பின் வளைவை ஒட்டி ஓடும்வரை கைடுகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறேன். முதுகைத் தேடும் நேரத்தை இதில் செலவழியுங்கள். இதோடு முதுகை விடுவோம், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

சங்கரன்கோவில்: கம்பு நடுவில் விரிசல். ஃபெவிக்விக்...

மேலே தென்காசிக்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

களக்காடு: கல்மூங்கிலில் கட்டலாமா?

கட்டலாம், தக்கை போட்டுக் கெண்டை பிடிக்க எனக்கு மூங்கில்தான் பிடிக்கும். வெள்ளைக்காரர்கள் கல்கத்தா மூங்கில் என்று கொண்டுபோய்த் தூண்டில் கம்பு செய்தது நம் நாட்டு மூங்கிலைத்தான். சீன மூங்கில் அப்புறம்தான் அந்த இடத்தைப் பிடித்தது. மூங்கிலைப் பிளந்து, 60 பாகைக் கோணத்தில் சீவி, ஆறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். அது மாதக்கணக்கு வேலை. நீங்கள் முழு மூங்கிலில் தொடங்குங்கள். மூன்று வருஷமாவது முற்றியதாக எடுங்கள். பச்சையாக வெட்டியதும் ஓடுகிற தண்ணீரில் ஊறப் போட்டால் மாவுச்சத்து போகும், வண்டு துளைப்பது குறையும். நிழலில் காயவிட்டு, கணுக்கோணலைத் தணலில் வாட்டி நிமிர்த்துங்கள். காட்டுக்குள் போய் வெட்டாதீர்கள், விலைக்கு வாங்குங்கள்.

பெயரும் ஊரும் சொல்லாத ஏழெட்டுப் பேர்: காரையாறில் மீன் எங்கே கிடைக்கும்? கூந்தன்குளத்தில்?

இரண்டிலும் தூண்டில் போடக் கூடாது. காரையாறு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மற்றக் குளங்களில் பலவற்றில் மீன் குத்தகைக்கு விட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். இடம் பற்றிய கேள்விக்கு இதற்கு மேல் பதில் சொல்லப் போவதில்லை.

ஸ்ரீவைகுண்டம்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டோடு முங்கிய கம்பு. பரணில் கிடக்கிறது. தேறுமா?

பிளாங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நல்ல தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து, கைடின் கால் இடுக்கிலும் ரீல் மாட்டுகிற மறையிலும் இருக்கும் வண்டலை எடுங்கள். எபாக்ஸிக்கு அடியில் பழுப்பு நிறம் தெரிந்தால் கைடு துருப்பிடித்திருக்கிறது, அதை மட்டும் அறுத்து மாற்றுங்கள். வளையத்துக்குள் பஞ்சை விட்டுச் சுற்றுங்கள். இழை சிக்கினால் வளையத்தில் வெடிப்பு, நரம்பை அறுத்துவிடும். கடைசியில் பாட்டில் சோதனை.

உவரி: பெரிய பாறை மீன். கரைக்குப் பக்கத்தில் வந்ததும் கம்பு பட்டென்று ஒடிந்துவிட்டது. கம்பெனிக் கோளாறா?

கம்பை நட்டுக்குத்தலாகத் தூக்கியிருப்பீர்கள். அப்படித் தூக்கினால் பாரம் எல்லாம் மெலிந்த நுனியில் விழும், அடிப்பகுதி வேலையே செய்யாது. மீன் காலடிக்கு வந்ததும் கம்பைத் தாழ்த்திப் பின்னால் நடங்கள், அலையோடு மீனைக் கரையேற்றுங்கள். வீட்டுக்குப் போனதும் உப்பைக் கழுவுங்கள்.

நாங்குநேரி: இரண்டு துண்டும் சேர்ந்த இடத்தில் இறுகிக்கொண்டது. குறடு வைத்துத் திருகலாமா?

குறடு வைக்காதீர்கள், திருகவும் வேண்டாம். குத்தவைத்து உட்கார்ந்து, கம்பை முழங்கால்களுக்குப் பின்னால் கொடுங்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம் இரண்டு கையாலும், கைடைப் பிடிக்காமல் கம்பை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்காலை மெதுவாக விரியுங்கள். இழுப்பு நேராக இருப்பதால் கழன்றுவிடும். அடுத்த முறை மாட்டும் முன் உள்ளே நுழைகிற ஆண் பக்கத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள், எண்ணெய் போடாதீர்கள்.