சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்திருந்தார். உயர்தரம் உயிரியல் பிரிவு. ஒரு பி, இரண்டு சி. மருத்துவத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாது. "வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைப்போம், ஏஜென்சிக்காரர் தெரிஞ்சவர்தான்" என்று கொழும்பு மாமா சொல்லிவிட்டாராம். அப்பாவின் சேமலாப நிதி, அம்மாவின் நகை, மிச்சத்துக்கு வட்டிக் கடன்.

முதலில் ஆறுதல்தான் சொன்னேன். கணக்கைக் கேட்டதும் அதை நிறுத்திவிட்டேன். அம்மா, அங்கே படித்து முடித்து வந்தாலும் இங்கே ஈ.ஆர்.பி.எம். என்ற மருத்துவப் பதிவுப் பரீட்சையில் தேறினால்தான் பிள்ளை டாக்டர். அதுவரை வட்டி காத்திருக்காது. சேமலாப நிதியைத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

பிள்ளை அதுவரை வாய் திறக்கவில்லை. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றதும் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். சுற்றுலா போனபோது நிலாவெளிக் கடற்கரையில் அள்ளிய மணல். லென்ஸை வைத்துப் பார்த்தால் நடுவே குட்டிச் சுருள்கள், உள்ளே அறை அறையாக. நத்தைக் குஞ்சு என்று நினைத்திருக்கிறாள். ஃபொராமினிஃபெரா அது. உடம்பு முழுக்க ஒரே கலம். வளர வளர ஓட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டும். அறைகளுக்கிடையே துவாரம் இருக்கும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியவை. ஆனால் கீசா பிரமிட்டின் சுண்ணாம்புக் கல்லில் காசு காசாகத் தெரிவதும் இதே கூட்டத்தின் ஓடுதான்.

"இதைப் படிச்சு என்ன வேலை?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. எண்ணெய், எரிவாயு தேடித் துளைக்கும்போது மேலே வரும் கல்துகளில் எந்த ஓடு இருக்கிறது என்று பார்த்தே அந்தக் கற்படையின் வயதைச் சொல்வார்கள். 2011இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டது ஞாபகமிருக்கும். ஓட்டிலுள்ள ஒட்சிசன் சமதானிகளை, அதாவது நிறையில் வேறுபடும் ஒட்சிசன் அணுக்களை, அளந்து பழைய கடலின் வெப்பத்தை எமிலியானி என்ற விஞ்ஞானி 1955இல் கணக்கிட்டார். இன்றைய காலநிலை ஆய்வுக்கும் அது அடிப்படை. கைவேலை என்றால், கடற்சேற்றை 63 மைக்ரோன் சல்லடையில் அலசிக் காயவைத்து, நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வோர் ஓடாகக் கறுப்புத் தட்டில் பொறுக்கி வைக்க வேண்டும். "அப்பா டஸ்ட் சலிக்கிற மாதிரி" என்றாள் பிள்ளை. அப்பா தேயிலை ஃபெக்டரியில் சல்லடைப் பக்கம் வேலை.

நம் மலைக்கல்லில் இதைத் தேடிப் பயனில்லை. பெருஞ்சூட்டில் உருமாறிய பழங்கல். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் இருக்கிறது. படிப்போ பக்கத்தில்தான்: பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல் துறை, கல்லையும் பூமியின் வரலாற்றையும் படிப்பது. அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணமில்லை, மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். இந்த ஓட்டுக்கென்றே இங்கே வேலை குவிந்து கிடக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். அது மேற்படிப்பில் வரும். அடிப்படைப் பட்டத்தோடு புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம், நிலத்தடி நீர், கட்டுமானம் என்று வாசல்கள் உண்டு.

சரி, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இதை மேலே போடுங்கள் என்றேன். எழும்பும்போது அம்மா கேட்டார்: "அப்ப மாமாவுக்கு என்ன சொல்றது?"

கடனை அவர் பெயரில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.