ரேடியோ சிக்னலுக்கு டிஎஸ்பி (சிக்னலை எண்ணாக்கி, கணக்குப் போட்டுப் பிரித்தெடுப்பது) செய்யும் சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மென்பொருள் மட்டும் தெரிந்தால் போதுமா?

ஆஃபர் கைக்கு வந்துவிட்டது, உள்ளுக்குள் லேசாக உதைக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தாராளமாகச் சேருங்கள். ஆனால் மென்பொருள் மட்டும் போதாது. நான் பட்டிருக்கிறேன்.

நானும் வெறும் மென்பொருள்காரனாகத்தான் அப்படி ஒரு நிறுவனத்துக்குள் போனேன். 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும் வானிலைச் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் செய்துகொண்டிருந்தோம். ஆன்டெனாவில் வருவதைப் பெருக்கி, ஏடிசி என்கிற, அலையை எண்ணாக மாற்றும் 14 பிட் சிப்பில் எண்ணாக்கிக் கொடுத்தால், வடிகட்டுவது உட்பட மிச்சத்தை எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) பார்த்துக்கொள்ளும். சிக்னல் ஜெனரேட்டரைக் கேபிளில் கோத்து லேபில் பார்த்தால் கச்சிதம். மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் வெறும் இரைச்சல்.

எஃப்பிஜிஏவுக்குள் வேண்டாத அலைவரிசையை வடிகட்டும் ஃபில்டர் போதவில்லை என்று முடிவு கட்டினேன். டாப் என்பது அந்த ஃபில்டரின் கணக்குப் படி, கூட்டினால் இன்னும் கூர்மையாக வடிகட்டும். 63 டாப் இருந்ததை 127 ஆக்கினேன், அப்புறம் 255. மூன்று வாரம் போனது. கடைசியில் ஹார்டுவேர் அண்ணன் ஒருவர், "ஏடிசியிலிருந்து வர்ற நம்பரை அப்படியே காட்டு தம்பி" என்றார். காட்டினேன். 8191, 8191, 8191... கொஞ்சம் தள்ளி -8192, -8192. 14 பிட்டில் எண்ணின் எல்லையே அவ்வளவுதான். அலையின் தலையும் காலும் மழித்துவிட்டது போலத் தட்டை. பக்கத்து எஃப்எம் டவர் ஏடிசியை நிரப்பிக்கொண்டிருந்தது.

'ஏஜிசி வைக்கவில்லையா?' என்பீர்கள். சிக்னலின் பலத்தை அளந்து பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அது. வைத்திருந்தோம், எழுதியதே நான்தான். ஆனால் ஃபில்டரைத் தாண்டி மிஞ்சுவதைத்தான் அது அளந்தது. அந்த இடத்தில் எஃப்எம் இருக்காதே! சிக்னல் பலவீனம் என்று நம்பி, பெருக்கத்தை உச்சத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஏடிசியில் வெட்டுப்பட்ட அலையைப் பின்னால் எத்தனை டாப் போட்டாலும் ஒட்டவைக்க முடியாது. வெட்டில் பிறந்த குப்பை நம் அலைவரிசைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அளக்கும் இடத்தை ஏடிசி வாசலுக்கு மாற்றினேன். பெருக்கம் இறங்கியது, கூடவே செயற்கைக்கோளும் அமுங்கிப் போனது. ஏடிசியில் மிகப் பெரிய அலைக்கும் மிகச் சிறிய அலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல், 14 பிட்டுக்கு ஏறக்குறைய 84. அதில் பெரும்பகுதியை எஃப்எம்மே தின்றுவிட்டால் என்ன மிஞ்சும்? தீர்த்து வைத்தது, ஆன்டெனாவுக்கும் பெருக்கிக்கும் நடுவில் அண்ணன் திருகி வைத்த, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அடைக்கிற விரல் நீள ஃபில்டர்.

அலுவலக மின்னஞ்சலில் அது 'நமது மேம்பட்ட அல்காரிதம்' என்று போனது. அண்ணன் பெயர் இல்லை. அந்த வருட அப்ரைசலில் எனக்கு 'எதிர்பார்ப்புக்கு மேல்', அவருக்கு 'ஆவணப்படுத்துவதில் கவனம் தேவை'. அரை மணிக்கு ஒரு வரி டைம்ஷீட் வேறு! நான் வீணாக டாப் கூட்டிய மூன்று வாரத்துக்கும் அதில் கட்டம் இருந்தது. அவர் அந்த எண்களை உற்றுப் பார்த்த பத்து நிமிடத்துக்கு இல்லை. இன்றைக்கும் எரிகிறது.

மென்பொருளை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது அதுதான். சேருவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: ஏடிசி எண்களை வடிகட்டாமல் அப்படியே சேமிக்க அவர்கள் போர்டில் வழி இருக்கிறதா? எங்களிடம் இல்லை. அண்ணன் 'காட்டு' என்று சொன்ன பிறகு, அதை எழுதி முடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.