ஒளிக்கற்றை படத்தில் ஏன் வெளிறுகிறது?

கேள்வி: தனுஷ்கோடியில் மேகத்தின் இடைவெளி வழியே கடலில் இறங்கும் ஒளிக்கற்றைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. படத்தில் வெளிறிவிடுகின்றன. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் டிஹேஸைக் (மூட்டம் நீக்கும் கருவி) கூட்டினால் வானம் அழுக்காகிறது. என்ன செய்யலாம்?

பதில்: காற்றில் மிதக்கும் உப்புத்துளி, ஈரம், தூசி ஆகியவற்றில் பட்டு வெயில் சிதறுவதால்தான் கற்றை கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்திலேயே மேக நிழல் விழுந்த காற்று. இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் மிகக் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான் முழு வேலையும். கேமராவின் தானியங்கி மீட்டர் இருண்ட கடலைப் பார்த்து எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கூட்டிவிடும். கற்றையும் கற்றைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சேர்ந்து வெள்ளையாகிவிடும்.

ஆகவே ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 வைத்து, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் வெளிச்ச அளவைத் திருத்தும் அமைப்பு) மைனஸ் 1 முதல் மைனஸ் 1.7 வரை இறக்குங்கள். மேகத்தின் கிழிசலில் சூரியன் நேரே தெரிந்தால் அந்தப் புள்ளி மட்டும் வெந்துபோகலாம். அதைச் சுற்றியுள்ள மேகத்தில் விவரம் இருக்க வேண்டும். கடல் கருத்துத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம், ரா கோப்பில் மீட்கலாம். வெள்ளை சமநிலையை (படத்தின் நிறச் சாயலை) 5,500 கெல்வினில் நிறுத்துங்கள்; தானியங்கி அமைப்பு காலைப் பொன்னிறத்தைக் கழுவிவிடும். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு 30 விநாடி திறந்து வைத்தால் மேகம் நகர்ந்து கற்றைகள் கரைந்துவிடும். வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த பல படங்களை இணைக்கும்போதும் இதே தொல்லைதான், கற்றை ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் இருக்கும். ஒற்றை ரா கோப்பே மேல். லென்ஸ், 70–200 மிமீ. அகலக் கோணத்தில் கற்றைகள் சிறுத்துப்போகும்.

கடற்கரையில் பலர் கவனிக்காதது லென்ஸின் மேல் படியும் உப்பு. சூரியனை நோக்கி எடுக்கையில் அந்தப் படலம் படம் முழுக்க வெண்திரை போடும். கற்றைகளை முதலில் விழுங்குவது அதுதான். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, லென்ஸ் திரவம் நனைத்த துணியால் மெல்லத் துடையுங்கள். யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், அது பேய்ப் பிம்பம் (ஒளி எதிரொளித்து விழும் போலி உருவம்) தரும். ஏசி அறையிலிருந்து நேரே வந்தால் லென்ஸில் பனி பூக்கும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மழை விட்டு மேகம் உடையும் காலைகள் சிறந்தவை. உதயத்துக்குப் பின் முக்கால் மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, சூரியன் ஏறத்தாழ 10 முதல் 25 டிகிரி உயரத்தில் இருக்கையில், கற்றைகள் கடலை நோக்கி இறங்கும்.

இனி டிஹேஸ். மூட்டத்தை நீக்குவது அதன் வேலை. உங்கள் கற்றையோ மூட்டத்தால் ஆனது. முழுப் படத்துக்கும் 10ஐத் தாண்ட வேண்டாம். ஹைலைட்ஸை (பிரகாசமான பகுதிகளை) மைனஸ் 50 அளவுக்கு இறக்கி, ஷேடோஸை (இருண்ட பகுதிகளை) 20க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் இடைவெளிகளும் வெளுத்து, கற்றை எடுபடாமல் போகும். பிறகு தூரிகை மாஸ்க் (தேர்ந்த பகுதியை மட்டும் திருத்தும் கருவி): ஃபெதர் (விளிம்பின் மென்மை) 100, ஃப்ளோ (பூச்சின் அடர்த்தி) 15. கற்றையின் நீளவாக்கில் இழுத்து எக்ஸ்போஷர் கூட்டல் 0.25; இடைவெளிகளில் இன்னொரு மாஸ்க், கழித்தல் 0.25. எல்லாக் கோடுகளும் சூரியன் இருக்கும் ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று விலகினாலும் பொய் தெரிந்துவிடும். வேறு மென்பொருளுக்கு 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகவே அனுப்புங்கள், 8 பிட்டில் வானம் படிப்படியாக வரி விழும்.